சர்வர் நன்றாகத்தான் இருந்தது

எம்.ரெட்டியபட்டியில் நான் நடத்தும் சிறிய பொது சேவை மையத்தில், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று வந்தவர்கள் எல்லோரிடமும் “சர்வர் வேலை செய்யவில்லை” என்று சொன்னேன். அது பொய். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. வேலை செய்யாமல் கிடந்தது என் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர். முந்தின நாள் ராத்திரி அதைப் பிரித்து, அவசியமே இல்லாத ஒரு மாற்றத்தைச் செய்யப் போய்க் கெடுத்து வைத்தவன் நான். என் பேச்சை நம்பித் திரும்பிப் போனவர்களில் பலருக்கு அந்த வருஷம் காப்பீடு இல்லை. விளைச்சல் பொய்த்தபோது அவர்கள் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. சில வருஷங்களாக உள்ளே வைத்திருந்த இதை இப்போது எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தக் கடைசி நாள் எங்கள் ஊர்க்காரர்களுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி. கண்மாய்ப் பாசனம் கொஞ்சம் உண்டு. மற்றதெல்லாம் வானம் பார்த்த புஞ்சை. புரட்டாசியில் உழுதுபோட்டுக் காத்திருந்து, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு என்று விதைப்பார்கள். மழை தள்ளிப்போனால் விதை மண்ணுக்குள்ளேயே காயும். அறுப்பு நேரத்தில் விடாமல் பெய்தால் உளுந்து நெற்று கறுத்துப்போகும். 2018-க்குப் பிறகு மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வேறு வந்து சேர்ந்தது. காட்டுப்பன்றித் தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. ராபி பருவத்தில் தானியத்துக்கும் பயறுக்கும் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதத்தை விவசாயி கட்டினால் போதும். பருத்தி போன்ற பணப்பயிருக்கு ஐந்து சதவீதம். மிச்சப் பிரீமியத்தை அரசாங்கம் ஏற்கும். பட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், இவ்வளவுதான் கொண்டுவர வேண்டியது. பயிர் வாரியாகக் கிராமத்தையோ பிர்காவையோ ஓர் அலகாக வைத்து, அங்கே சோதனை அறுவடை செய்து பார்த்து, மகசூல் குறைந்திருந்தால் அந்த எல்லைக்குள் பதிவு செய்த எல்லோருக்கும் இழப்பீடு வரும். பதிவு செய்யாதவனுக்கு, அடுத்த வரப்பு அவனுடையதாக இருந்தாலும் வராது. ஆகவே கடைசி நாளுக்குள் பெயர் ஏறியதா இல்லையா என்பதுதான் எல்லாம். பெயரை ஏற்றும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இனி அந்தக் கம்ப்யூட்டர். கடை தொடங்கியபோது ஒரு பழைய டவர் சிபியுவை வைத்திருந்தேன். மின்சாரம் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. அப்போதுதான் சின்ன டெஸ்க்டாப்புகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2012-ஐ ஒட்டி இன்டெல் ‘நக்’ என்று உள்ளங்கையளவு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. லெனோவோ ‘டைனி’ என்றும், டெல் ‘மைக்ரோ’ என்றும், எச்பி ‘மினி’ என்றும் அலுவலகங்களுக்காக, ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகளைச் செய்தன. ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் இவற்றை நூற்றுக்கணக்கில் எடுத்து, சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும். கழித்தவை துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்கள் வழியாக ஊர் ஊராக வந்து சேரும். புதிய லேப்டாப் வாங்க முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். லேப்டாப் அடாப்டர் மாதிரி ஒரு 65 வாட் அடாப்டர் போதும். சாதாரண வேலைக்கு அதில் பாதிகூட இழுக்காது. ஆகவே ஒரு சின்ன இன்வெர்ட்டரே மணிக்கணக்கில் தாங்கும்.

நான் வாங்கியது ஆறாம் தலைமுறை ஐ5. நாலு கோர், 35 வாட் ப்ராசசர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். வாங்கிய பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன், இரண்டும் சரியானவை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்த காலம் போய், உட்காருவதற்குள் திரை வந்தது. காலியாக இருந்த ரேம் ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டேன். காப்பீட்டுப் பக்கம், ஸ்கேனர், நில ஆவணப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடிந்தது. ஒரு கிராமத்துச் சேவை மையத்துக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. எங்கள் வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ப்ராசசர் இல்லை. செல்போன் டவரும், மறுமுனையில் இருக்கும் இணையதளமும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

2021-இல் விண்டோஸ் 11 வந்தது. இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. என்னுடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றும் அப்போதே சொல்லியிருந்தார்கள். கையில் வருஷக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஆனால் என் மெஷின் பழசாகிவிட்டது என்ற எண்ணம் உள்ளே புகுந்துகொண்டது. அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போகும் பையன்கள் கடைக்கு வருவார்கள். “என்ன ப்ராசசர்ண்ணே?” என்று கேட்பார்கள். நான் சொன்னதும் அடுத்த கேள்வி வராது. அந்த மௌனம் என்னை அறுத்தது. ஊரில் கம்ப்யூட்டர் என்றால் என் பெயரைச் சொல்லுவார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற மெஷின் என்னிடம் இல்லை என்று நினைத்தேன். கடைக்கு வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி என் மனசிலேயே வரவில்லை. என் கௌரவத்துக்கு என்ன வேண்டும் என்றுதான் பார்த்தேன். அந்த ஆசைதான் முதல் குற்றம்.

எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஆறு கோர், அதே 35 வாட். என் மெஷினில் இருக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151; அந்தப் ப்ராசசருக்கும் அதே எல்ஜிஏ 1151. பெயர் ஒன்றாக இருக்கிறதே, உட்காரும் என்று முடிவு செய்தேன். உட்காரவும் செய்யும். ஆனால் ஓடாது. எட்டாம் தலைமுறைக்காக இன்டெல் அதே சாக்கெட்டில் மின்சாரம் போகும் புள்ளிகளை மாற்றியமைத்துவிட்டது. அதற்கு 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். ஆறாம் தலைமுறை போர்டில் அதிகபட்சம் ஏழாம் தலைமுறை போடலாம், அதுவும் பயாஸை அப்டேட் செய்த பிறகு. இதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் கிடைக்கக்கூடிய தகவல். மதுரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை.

பார்சல் வந்தது காப்பீட்டுக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். கடையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. மண்டபசாலை, பரளச்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து, கூட்டமாக இருக்கிறதென்று நகல்களையும் பணத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டு, “ராத்திரி போட்டு வையி தம்பி, காலையில ரசீது வாங்கிக்கிறோம்” என்று போயிருந்தார்கள். ஒவ்வொரு செட்டின் மேல் மூலையிலும் பெயரும் போன் நம்பரும் பென்சிலில் எழுதியிருந்தேன். அந்தக் கட்டை எடுத்து அடிக்க வேண்டிய ராத்திரியில் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். புது ப்ராசசர் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூடியைக் கழற்றி, விசிறியை எடுத்தேன். விசிறிக்குக் கீழே செம்புக் குழாய் ஓடும் ஹீட் சிங்க். அதன் இடுக்கெல்லாம் கரிசல் தூசி திட்டாக அடைத்திருந்தது. உண்மையில் அந்த மெஷினுக்குத் தேவைப்பட்ட வைத்தியம் அந்தத் தூசியை ஊதிச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைப்பது மட்டும்தான். நான் பழைய ப்ராசசரை எடுத்தேன், புதியதை வைத்தேன், கொக்கியை அழுத்தினேன், ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியது. பழைய ப்ராசசரையே திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்தேன். கை வியர்த்திருந்தது. சில்லின் ஒரு மூலை நழுவிச் சாக்கெட்டுக்குள் விழுந்து உரசியது.

அந்த வகைச் சாக்கெட்டில் பின்கள் ப்ராசசரில் இல்லை, போர்டில் இருக்கும். 1151 சின்னஞ்சிறு தகட்டுப் பின்கள், தங்க நிறம், எல்லாம் ஒரே சாய்வில் வரிசை பிடித்து நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் சில பின்கள் மட்டும் காற்றில் மடிந்த கம்பந்தட்டை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. தையல் ஊசியால் தூக்கப் பார்த்தேன். இரண்டு நிமிர்ந்தன, ஒன்று முறிந்தது. அதற்குப் பிறகு பழைய ப்ராசசரும் ஓடவில்லை. அந்த போர்டு முடிந்துபோனது.

இதுவரை நான் சொன்னது அகம்பாவத்தாலும் கவனக்குறைவாலும் வந்த கேடு. இது மட்டுமாக இருந்திருந்தால் இந்த வாக்குமூலத்தை எழுத வேண்டியிருந்திருக்காது. மெஷின் கெடுவது உண்டு. அதைச் சரிசெய்ய அப்போதும் எனக்கு வழி இருந்தது. எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேன் செய்தவை அதில் பத்திரமாக இருந்தன. காகிதக் கட்டு கையில் இருந்தது. பணம் டிராயரில் இருந்தது. விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் இதே தொழில் செய்யும் யாரிடமாவது போய் உட்கார்ந்திருந்தால் முழுக் கட்டையும் சாயங்காலத்துக்குள் ஏற்றியிருக்கலாம். போகவில்லை. போனால் “மெஷினுக்கு என்னாச்சு?” என்று கேட்பார்கள். ப்ராசசர் மாற்றப் போய் போர்டைக் கெடுத்தேன் என்று சக தொழில்காரனிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்த ஒரு பெரியம்மா, “ரசீது போட்டாச்சாய்யா?” என்று கேட்டார். “சர்வர் படுத்திருச்சு பெரியம்மா, ராத்திரி பூரா முயற்சி பண்ணுனேன்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அடுத்தவருக்கும் அதையே சொன்னேன். மத்தியானத்துக்குள் அது எனக்கே நிஜம் போலப் பழகிவிட்டது. கறுத்துக் கிடந்த திரையை யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கேட்டவர்களுக்கு ஒரு ரூபாய் குறையாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததால் நான் நேர்மையாக நடந்துகொண்டதாகக்கூட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பொய்யின் முழுக் கேடு எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. “என் மெஷின் கெட்டுவிட்டது” என்று சொல்லியிருந்தால், கேட்டவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருச்சுழிக்கோ அருப்புக்கோட்டைக்கோ போயிருப்பார். அங்கே உள்ள மையங்களில் அன்றைக்குப் பதிவு நடந்துகொண்டுதான் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்டிருக்கலாம். “சர்வர் இல்லை” என்று சொன்னால் எங்கே போயும் பிரயோஜனம் இல்லை என்று அர்த்தம். அதனால் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மெஷினைக் கெடுத்ததால் என் கடையின் கதவு மட்டும்தான் அடைபட்டது. பொய் சொன்னதால் எல்லாக் கதவும் அடைபட்டது. சந்தேகப்பட்டு வெளியே விசாரித்த சிலர் மட்டும் அன்றைக்கே அருப்புக்கோட்டை போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். என்னை முழுதாக நம்பியவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

அந்தப் பருவம் சரியில்லாமல் போனது. முளைத்த மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. சில மாசம் கழித்துப் பதிவு செய்தவர்கள் கணக்கில் இழப்பீடு ஏறியது. பாஸ்புக்கைப் பதிய வங்கிக்குப் போனவர்கள் மூலமாக ஊரெல்லாம் செய்தி பரவியது. என்னிடமிருந்த காகிதக் கட்டில் பெயர் இருந்த ஓர் அண்ணன் கடைக்கு வந்தார். பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு வந்திருக்கிறது, தனக்கு வரவில்லையே என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். “அன்னைக்கித்தான் சர்வர் இல்லையேண்ணே” என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “நீ என்ன செய்வ தம்பி, கவர்மெண்டு சர்வரு படுத்துனா உன் மேல தப்பு சொல்ல முடியுமா” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் கடன் வாங்கி, அறுக்க ஒன்றும் இல்லாமல், வர வேண்டிய பணமும் வராமல் நின்ற மனிதர், அதற்குக் காரணமான என்னைத் தேற்றினார். நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கீழான காரியம் அதுதான். ராத்திரி பின்னை முறித்ததோ, காலையில் முதல் பொய்யைச் சொன்னதோகூட அவ்வளவு இல்லை.

எங்கள் கடைகளில் அந்தப் பொய் ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். சர்வர் உண்மையிலேயே பல நாள் வேலை செய்யாது. ஆகவே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அடுத்தது, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் திரையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பட்டா, வருமானச் சான்று, முதியோர் ஓய்வூதியம், காப்பீடு என்று அரசாங்கத்தின் பல வாசல்கள் இன்று ஒரு லிட்டர் பெட்டிக்குள் வந்துவிட்டன. அந்தப் பெட்டியைக் கையாளுகிறவன் என்ன சொல்கிறானோ அதுதான் அரசாங்கத்தின் பதில் என்று ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு ஒரு தாலுகா அலுவலகத்தில் நாலு பேரிடம் விசாரித்து அறிந்துகொண்டதை இப்போது என் ஒருவன் வாயிலிருந்து அறிகிறார்கள். இவ்வளவு நம்பிக்கை வைக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கேவலத்தை மறைக்க அதைப் பயன்படுத்தினேன்.

பிறகு மதுரையில் அதே வகைப் பழைய மெஷின் ஒன்று வாங்கி எஸ்எஸ்டியை அதில் மாட்டினேன். கடை மறுபடி ஓடியது. 2025-இல் விண்டோஸ் 10 காலம் முடிந்தபோது, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட மெஷினாகவே ஒன்றைப் பார்த்து வாங்கினேன். பழையதைக் கழித்துவிடாமல், அதில் லினக்ஸ் போட்டு ரெண்டாவது மெஷினாகத் தயாராக வைத்திருக்கிறேன். ஒன்று படுத்தால் இன்னொன்று எழும். காப்பீடு, கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை எதற்காவது கடைசி வாரம் என்றால் எந்தப் பெட்டியின் மூடியையும் திறப்பதில்லை. புதிய பாகம் எதுவும் வாங்குவதற்கு முன்னால் போர்டின் மாடல், சிப்செட், பயாஸ் மூன்றையும் எழுதிக்கொண்டு, தெரிந்தவரிடம் கேட்கிறேன். தெரியாது என்று சொல்லிக் கேட்கிறேன். இதெல்லாம் திருத்தம்தான், பரிகாரம் ஆகாது.

அந்தக் காகிதக் கட்டில் பெயர் இருந்தவர்களிடம் நேரில் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். ஆறுதல் சொன்ன அண்ணனிடம்தான் முதலில் போனேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, “அன்னைக்கே சொல்லியிருந்தா அருப்புக்கோட்டைக்குப் போயிருப்பேனேப்பா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இப்போது அவர் என் கடைக்கு வருவதில்லை. அது அவருக்கு உரிய நியாயம். அந்தப் பெரியம்மா வைதார். கேட்டுக்கொண்டேன். அவர்கள் இழந்த தொகை முழுவதையும் என்னால் ஈடு கட்ட முடியாது. முடிந்தவரைக்கும் கொடுக்க முன்வந்தபோது ஒருவர் வாங்கிக்கொண்டார், ஒருவர் மறுத்துவிட்டார். எல்லோரிடமும் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று உங்கள் காகிதம் என் மேஜையில்தான் இருந்தது, அது ஏறாததற்கு நான்தான் காரணம்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, சொல்கிறேன். பழைய மெஷின் வாங்குங்கள், தப்பில்லை. எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் கூட்டுங்கள், தூசி தட்டுங்கள். என்றைக்காவது அது படுக்கும். அன்றைக்கு வாசலில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: எங்கள் கம்ப்யூட்டர் பழுது, சர்வர் ஓடுகிறது, பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம். பஸ் நேரத்தையும் எழுதுங்கள். உங்களிடம் வந்தவர் வேறொருவர் கடையில் வேலையை முடித்துக்கொண்டு போனால் உங்களுக்கு நஷ்டம் சில ரூபாய். அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனால் அவருக்கு நஷ்டம் ஒரு வெள்ளாமை.